கையும் கருத்தும்: வில்லியம் மாரிஸின் துணி, தாள் வினைகள் பற்றிய ஒரு திறனாய்வு

விக்டோரியா அரசியார் இங்கிலாந்தில் அரசு வீற்றிருந்த காலம் 1837 முதல் 1901 வரை ஆகும். பொறிகளின் ஆற்றலால் பொருட்பெருக்கம் மிக்க அக்காலத்திலேதான் கையால் அச்சிட்ட துணியும், கையால் அச்சிட்ட சுவர்த்தாளும், பூத்தையலும், கைத்தாளில் அமைந்த நூலும் புத்துயிர் பெற்றன. இம்மறுமலர்ச்சிக்கு நடுநாயகமாக விளங்கியவர் வில்லியம் மாரிஸ் (1834–1896). அவர் கவிஞர், சாயத் தொட்டியில் கை நனைத்த தொழிலாளர், பொதுவுடைமைக் கொள்கையினர், அச்சகம் நடத்தியவர். அவர்தம் படைப்புகளுள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, கைவினைப் பொருளை எவ்வளவைகொண்டு மதிப்பிடுதல் தகும் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியத் துறையினர்க்கு இவ்வாராய்ச்சியால் ஆவதென் என்று வினவலாம். நூல் என்னும் ஒரு சொல்லே இழையையும் ஏட்டையும் குறிக்கும் மொழி நம் மொழி. நன்னூலார் நூலுக்குப் பெயர்க்காரணம் கூறுமிடத்துச் சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் உருவகித்தார். கை மட்டும் இயங்கினால் நூல் முடியாது; கதிராகிய மதியும் உடன் சுழலவேண்டும் என்பது அவ்வுருவகத்தால் பெறப்படும். கைவினையை மதிப்பிடுவார்க்கும் இஃது ஏற்ற அளவை என்பது எம் கருத்து.

இருவேறு கூற்றுகள்

மாரிஸைப் பற்றி இரண்டு கூற்றுகள் பெருவழக்காய் உள்ளன. அவர் பொறியைப் பகைத்துப் பழமையில் அடைக்கலம் புகுந்தவர் என்பது ஒன்று. ஏழை எளியவர்க்காகப் பேசிச் செல்வர்க்கே பொருள் செய்தவர் என்பது மற்றொன்று.

முதற் கூற்று முழுதும் பொருந்துவதன்று. மெர்ட்டன் அபியில் இருந்த அவர்தம் பட்டறையில் ழக்கார்டு தறிகள் இயங்கின. அவருடைய நிறுவனம் விற்ற கம்பளங்களுட் சில பிற ஆலைகளிற் பொறியால் நெய்யப்பட்டவை. பின்னாளில் எழுத்துருக்களை வரைந்தபோது, பதினைந்தாம் நூற்றாண்டு வெனிசு நகர அச்சுநூல்களின் பக்கங்களைப் புகைப்படத்தாற் பெரிதாக்கி அவற்றின் வடிவை நுணுகிக் கற்றார். இவ்வாறு செய்தவரைப் பொறிப்பகைவர் எனல் ஆகாது. ஜான் ரஸ்கின் 1853-ல் வெளியிட்ட, வெனிசு நகரக் கட்டடங்கள் பற்றிய நூலின் இரண்டாம் தொகுதியில், தொழிலாளியின் சிந்தனையைப் பறித்துக் கையை மட்டும் வேலை வாங்கும் முறையைக் கண்டித்திருந்தார். மாரிஸ் பற்றிக்கொண்ட கருத்து இதுவே. ஆகலின் அவர்தம் வினா, பொறியா கையா என்பதன்று; செய்பவனுடைய மதிக்கு அவ்வேலையில் இடம் உண்டா என்பதே. இரண்டாம் கூற்றில் உண்மை மிகுதி. அதனைப் பின்னர்க் காண்போம்.

துணி: நீலத்திலிருந்து பிறந்த தோட்டம்

மாரிஸின் அச்சுத்துணிகளுள் பெயர்பெற்றது 1883-ஆம் ஆண்டில் அமைந்த 'ஸ்ட்ராபெரித் திருடன்'. கெல்ம்ஸ்காட் என்னும் ஊரில் அவருடைய இல்லத் தோட்டத்துப் பழங்களைத் திருடவந்த பறவைகளே இதற்குக் கருப்பொருளாயின. எதிரெதிர் நோக்கும் இணைப்பறவைகள், அவற்றைச் சூழ்ந்த கொடிகள், சிவந்த பழங்கள், இவற்றையெல்லாம் தாங்கும் ஆழ்ந்த நீலம் என இதன் அமைப்பைச் சுருங்கச் சொல்லலாம்.

இத்துணியை நோக்குவார் எவர்க்கும் நீலத்தின் ஆழம் முதலிற் புலப்படும். அதற்குக் காரணம் செய்முறையிலேயே உள்ளது. பொதுவாக அச்சுக்கட்டையால் வெண்துணிமேல் வண்ணங்களை ஒவ்வொன்றாக ஏற்றுவர். இங்கோ துணி முழுவதும் முதலில் அவுரித் தொட்டியில் தோய்க்கப்பெறும். தொட்டியினின்று எடுக்கும்போது பசுமை கலந்த மஞ்சளாய்த் தோன்றும் துணி, காற்றுப் பட்டதும் நீலமாகும். பின்னர்ப் பறவையும் பூவும் வரவேண்டிய இடங்களில் நிறம் நீக்கும் பொருளைக் கட்டையால் ஒற்றி நீலத்தை அகற்றுவர். சிலவிடங்களில் முற்றும் அகற்றி வெண்மையும், சிலவிடங்களில் ஓரளவே அகற்றி வெளிர்நீலமும் பெறுவர். அதன்பின் சிவப்பும் மஞ்சளும் ஏறும். வெளிர்நீலத்தின்மேல் மஞ்சள் படியுமிடத்துப் பச்சை பிறக்கும். ஒவ்வொரு படியிலும் துணியைக் கழுவி உலர்த்தல் வேண்டும். ஆதலின் வேலை பல நாள் நீளும்.

எனவே இத்துணியில் நீலம் ஓவியத்தின் பின்னே பூசிய திரை அன்று. ஓவியம் முழுவதும் அதிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்டதாகும். இருள் விலக விலகத் தோட்டம் புலனாதல்போல, நீலம் விலக விலகப் பறவை புலனாகின்றது. செய்முறையும் பொருளும் இங்கு இரண்டல்ல. செய்யுளில் யாப்பும் கருத்தும் பிரிக்கவொண்ணாது இயைதலை நாம் சிறப்பெனப் போற்றுகின்றோம். அச்சிறப்பே ஈண்டும் உள்ளது.

இக்காலத்தில் இவ்வடிவம் கோப்பையிலும் பையிலும் குறிப்பேட்டு உறையிலும் பொறியால் அச்சாகி உலகெங்கும் விற்கப்படுகின்றது. பறவையும் பழமும் அவற்றில் உள. ஆயினும் நீலம் அங்கு நான்கு வண்ணங்களுள் ஒன்றாய் மேலே ஒட்டி நிற்கின்றது. ஒரு செய்யுளின் பொழிப்பை மட்டும் படித்தார்க்குக் கிடைப்பது யாதோ, அதுவே இவற்றை வாங்குவார்க்கும் கிடைக்கின்றது. அதனை இழிவென்று யாம் கூறவில்லை. மூலம் அன்று என்றே கூறுகின்றோம்.

சுவர்த்தாள்: கைவினையின் மறுபுறம்

மாரிஸ் முதன்முதல் வரைந்த சுவர்த்தாள் 1862-ஆம் ஆண்டின் 'பந்தல்' ஆகும். ரோசாக்கொடி படர்ந்த சட்டங்களும், பிலிப் வெப் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்து தந்த பறவைகளும் கொண்டது அது. இத்தகைய தாள்களை இலண்டனில் ஜெஃப்ரி நிறுவனத்தார் கட்டைகொண்டு கையால் அச்சிட்டனர்.

கைவினை என்றதும் தூயது, தீங்கற்றது என்று கருதுதல் பலர்க்கு இயல்பு. அக்கருத்து ஆராயத்தக்கது. மாரிஸின் தொடக்ககாலச் சுவர்த்தாள் மாதிரி ஒன்றை ஆராய்ந்து, அதன் பச்சை நிறத்தில் ஆர்செனிக் என்னும் நஞ்சு கலந்திருந்ததை 2003-ல் அறிவியலார் வெளியிட்டனர். மாரிஸின் குடும்பச் செல்வம் டெவன் பகுதியிலுள்ள பெரிய செம்புச் சுரங்கம் ஒன்றன் பங்குகளிலிருந்து வந்தது. அச்சுரங்கம் ஆர்செனிக்கையும் பெருமளவில் விளைத்தது. 1871 முதல் 1875 வரை அதன் இயக்குநருள் ஒருவராகவும் மாரிஸ் இருந்தார். சுவர்த்தாளின் நஞ்சு பற்றி மருத்துவர் எழுப்பிய அச்சத்தை 1885-ல் சாயவினைஞர் தாமஸ் வார்டிலுக்கு எழுதிய மடலில் அவர் புறக்கணித்தே எழுதினார்.

அவுரியின் வரலாறும் இத்தகையதே. அந்நூற்றாண்டில் ஐரோப்பியச் சந்தைக்குச் சென்ற அவுரியின் பெரும்பகுதி வங்காளத்திலும் பீகாரிலும் விளைந்தது. அவுரி பயிரிடுமாறு வற்புறுத்திய தோட்டமுதலாளிகளை எதிர்த்து 1859-ல் வங்காள உழவர் கிளர்ந்தெழுந்தனர். அச்சுக்கட்டையைப் பிடித்த கையை மட்டும் நோக்கிக் கைவினையைப் போற்றுவோர், சுரங்கத்தில் உழைத்த கையையும் அவுரி நட்ட கையையும் காணாது விடுவர். பொருளின் அழகு இவற்றாற் குறையாது. ஆனால் அவ்வழகைக்கொண்டு அதன் அறத்தை நிறுவுதல் இயலாது. அழகும் அறமும் தனித்தனியே ஆராயத்தக்கன.

பூத்தையல்: மூலமும் உரையும்

1885-ல் மாரிஸின் இளைய மகள் மே மாரிஸ், தம் இருபத்துமூன்றாம் வயதில், நிறுவனத்தின் பூத்தையற் பிரிவின் தலைமையை ஏற்றார். அந்நிறுவனம் முடிந்த வேலைப்பாடுகளை மட்டுமன்றி, உருவரை வரைந்து ஒரு மூலையில் தையல் தொடங்கிய துணியையும் அதற்குரிய பட்டிழைகளையும் சேர்த்து விற்றது. எஞ்சியதை வாங்குவோர் இல்லத்திலிருந்து தைத்து முடிப்பர்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். ஒருவர் வரைய மற்றொருவர் தைப்பதாயின், மதியையும் கையையும் பிரித்தல் என்று ரஸ்கின் கண்டித்த குற்றம் இதற்கும் பொருந்தாதோ? பொருந்தும் எனக் கொள்வாரும் உளர். எம் கருத்து வேறு. உருவரை இதழின் எல்லையை மட்டுமே காட்டும். அவ்விதழின் உள்ளே இழை எத்திசையிற் செல்லவேண்டும், எவ்வண்ணம் எங்கே மற்றொன்றாக மாறவேண்டும் என்பன தைப்பவர் தீர்மானிக்க வேண்டியவை. பட்டிழை ஒளியைத் திசைக்கேற்பத் திருப்பும். ஆதலின் தையலின் திசை மாறின், ஒரே நிறம் இரு நிறமாகத் தோன்றும். ஒரே மூலத்துக்கு இருவர் உரை வேறாதல் போன்றது இது. உரையாசிரியரை வெறும் படியெடுப்பவர் என்று நாம் கூறுவதில்லை. எனினும், தைத்த பெண்டிருட் பலர் பெயரின்றி மறைந்தனர் என்பதையும் மறத்தலாகாது. மே மாரிஸ் வரைந்தவையும் நெடுங்காலம் தந்தையார் படைப்பாகவே எண்ணப்பட்டன. 1883-ல் அவர் வரைந்த 'ஹனிசக்கிள்' சுவர்த்தாள் அவற்றுள் ஒன்று. ஆசிரியர் யார் எனத் துணிதல் ஏட்டாராய்ச்சிக்கு மட்டும் உரிய கடமை அன்று.

நூல்: அணி மிகுந்த இடம்

1891-ல் மாரிஸ் கெல்ம்ஸ்காட் அச்சகத்தை நிறுவினார். அதற்குரிய தாளைக் கென்டு மாவட்டத்தில் ஜோசப் பாச்சிலர் என்பார் சணல்நார்த் துணியின் கந்தலிலிருந்து கையால் செய்தளித்தார். பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியத் தாள் ஒன்றே அதற்கு மாதிரி. இழை துணியாகி, துணி கந்தலாகி, கந்தல் தாளாகி, தாள் மீண்டும் நூலாகும் முறையை ஈண்டுக் காண்கின்றோம்.

இவ்வச்சகத்தின் தலைசிறந்த வெளியீடு 1896-ல் முடிந்த சாசர் தொகுதி. தாளில் 425 படிகளும் பதப்படுத்திய தோலில் 13 படிகளும் அச்சாயின. பர்ன்-ஜோன்ஸ் வரைந்த 87 ஓவியங்கள் அதில் உள. மையின் கருமை, ஓரத்து அணிகள், எழுத்தின் வடிவு ஆகியவை அனைத்தும் ஒன்றி நிற்றலின் இதனை அச்சுக்கலையின் கொடுமுடி என்பர்.

யாம் இதனை முழுமையாக உடன்படுதற்கில்லை. சாசர் துறவியையும் ஆலைக்காரனையும் ஒரே வழியில் நடத்திச் சென்ற கவிஞர். நகையும் எள்ளலும் அவர்தம் உயிர்ப்பண்புகள். பர்ன்-ஜோன்ஸோ நாணத்தக்க நகைக்கதைகளுக்கு ஓவியம் வரையவே இல்லை. கனவுலக மாந்தர் போன்ற மெலிந்த உருவங்களே பக்கந்தோறும் காணப்படுகின்றன. அணிகள் ஒன்றோடொன்று இயைந்தன, கவிஞரோடு இயைந்தில. 'ஸ்ட்ராபெரித் திருடன்' துணியில் பொருளிலிருந்து அணி பிறந்தது; சாசர் தொகுதியில் பொருளின்மேல் அணி ஏறி அமர்ந்தது. கையின் திறம் ஈரிடத்தும் ஒன்றே, பயன் வேறாயிற்று. அரிய உழைப்பு ஒன்றே சிறந்த படைப்புக்குப் போதாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

விலையும் வழித்தோன்றலும்

சாசர் தொகுதியின் தாட்படி ஒன்றின் விலை 20 பவுன், எளியோர் வாங்கத்தக்கதன்று. முன்னர்க் கூறிய இரண்டாம் கூற்று ஈண்டு வலுப்பெறுகின்றது. கூலியும் நேரமும் மிகுதியாயின் விலையும் மிகும். இம்முரணை மாரிஸ் தீர்த்தாரல்லர். ஆயினும் அவர் விட்டுச்சென்றது பொருள் மட்டுமன்று, முறையுமாகும். மே மாரிஸிடம் பூத்தையல் பயின்ற லிலி யேட்ஸ், அயர்லாந்தில் 1902-ல் தோன்றிய டன் எமர் பட்டறையிற் பூத்தையலை நடத்தினார். அவர் தங்கை எலிசபெத் அங்கேயே கையச்சகம் நடத்தினார். ஈழத் தமிழராகிய முத்துக் குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் நூலை, மாரிஸின் சாசர் அச்சான அதே அச்சுப்பொறியில் 1908-ல் அச்சிட்டு முடித்தார். அந்நாளில் அவர்தம் துணைவியாய் இருந்த எதெல், பின்னர் எதெல் மெய்ரெட் என்னும் பெயரால், செடிச்சாயம் பற்றி 1916-ல் நூல் எழுதிய புகழ்பெற்ற நெசவாளர் ஆனார். செல்வர் இல்லத்தோடு நின்றுவிடாது, இம்முறை பயிற்சியாய்ப் பரவியது என்பதற்கு இவை சான்று.

முடிவு

இவ்வாராய்ச்சியால் யாம் துணிவன மூன்று. கைவினைப் பொருளின் வடிவம் அதன் மூலப்பொருளிலிருந்தும் செய்முறையிலிருந்தும் பிறந்ததா என்று முதலில் நோக்கவேண்டும். செய்தவரின் மதிக்கு அதில் இடமிருந்ததா, அவர் பெயர் அறியப்பட்டதா என்று அடுத்து நோக்கவேண்டும். அணி தான் தாங்கவந்த பொருளைப் பேசவிடுகின்றதா என்று இறுதியில் நோக்கவேண்டும். விக்டோரியாக் காலப் பாணி என்று பெயரிட்டு இன்று செய்யப்பெறும் துணிப்பூக்களையும் தாள்மலர்களையும் மாரிஸின் துணியையும் இம்மூன்றாலுமே அளத்தல் முறை. பழமை, அருமை, உழைப்பு என்பன மதிப்புக்கு வாயில்களே, மதிப்பு ஆகா. கையோடு கதிரும் சுழன்றதா என்பதே கேட்கத்தக்க வினா.