முயலுக்கு ஏற்ற வீடு எது?

டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துச் சாயர்புரம் முயலுக்கென்றே அமைந்த ஊர்போலத் தெரியும். வடகிழக்குப் பருவமழை பெய்து செம்மண் குளிர்ந்திருக்கும். பனங்காட்டு ஓரங்களில் அருகம்புல்லும் கொழுக்கட்டைப்புல்லும் முளைத்துக் கிடக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். தூத்துக்குடிக்குப் போன தகப்பனார் அட்டைப்பெட்டியில் இரண்டு வெள்ளைக் குட்டிகளோடு திரும்பி வந்தால் வீடே கொண்டாடும். அந்தக் குட்டிகள் முழு வளர்ச்சி அடையும்போது சித்திரை வெயில் தொடங்கிவிடும். நல்ல பராமரிப்பில் எட்டு முதல் பத்து ஆண்டு வாழக்கூடிய ஒரு விலங்கை, ஆண்டின் மிகக் குளிர்ந்த சில வாரங்களைப் பார்த்துத் தீர்மானித்து வாங்குகிறோம். முயல் வளர்ப்பில் நேரும் பெரும்பாலான துயரங்களுக்கு இந்த முதல் தவறுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

முயலை வீட்டுக்குள், மனிதரோடு, கூண்டில்லாமல் வளர்ப்பது உலக அளவிலேயே புதிய வழக்கம்தான். மேற்கு நாடுகளில் நெடுங்காலம் முயல் தோட்டத்து மரப்பெட்டியில்தான் இருந்தது. 1985இல் மரினெல் ஹாரிமன் எழுதிய கையேடும், 1988இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ‘ஹவுஸ் ராபிட் சொசைட்டி’யும் முயலைப் பூனையைப்போல வீட்டுக்குள் நடமாடவிடலாம் என்பதைப் பரப்பின. நம் ஊரில் அந்த வழக்கம் பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது. புறவாசலில் இருந்த கம்பிக்கூண்டு வீட்டுக்குள் தார்சாவுக்கு வந்துவிட்டது. கூண்டுக் கதவு மட்டும் இன்னும் பூட்டியே இருக்கிறது. இதை வீட்டு வளர்ப்பு என்று சொல்ல முடியாது. கூண்டின் கெடுதல்கள் அனைத்தும் அப்படியே இருக்க, மனிதச் சத்தமும் தொலைக்காட்சி இரைச்சலும் கூடுதலாகச் சேர்ந்துவிடுகின்றன.

முதலில் விலங்கைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டும். நம் பனங்காட்டிலும் உடைமரப் புதரிலும் ஓடும் காட்டு முயல் வேறு, கடையில் விற்கும் முயல் வேறு. 1840களில் சாயர்புரத்தில் செமினரி நடத்தி, பின்னாளில் 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி.யு.போப், படைச்செருக்கு அதிகாரத்தில் மொழிபெயர்த்த முயலும் காட்டு முயல்தான். அது குழி தோண்டாது, புல்மறைவில் படுத்திருக்கும், அதன் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வளர்ப்பு முயலின் மூதாதை ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதியில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த இனம். அதன் குட்டி ரோமமில்லாமல், கண் மூடிப் பிறக்கும். இரண்டும் இணைந்து இனம் பெருக்கா. பனங்காட்டில் கண்டெடுத்த காட்டு முயல் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து பால் புகட்டுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பெரும்பாலும் அந்தக் குட்டியும் பிழைக்காது. தாய் அதைக் கைவிட்டிருக்காது. விலகிப் போயிருக்கும். பொழுது சாய்ந்ததும் பாலூட்டத் திரும்பி வரும். குட்டியை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவதுதான் நல்லது.

வளர்ப்பு முயலுக்கோ வளை வேண்டும், கூட்டம் வேண்டும், குளிர்ச்சி வேண்டும். இந்த மூன்றில் நம் கடற்கரையில் கிடைக்க அரியது குளிர்ச்சி. முயலுக்கு வியர்க்காது. நாயைப்போல வாய் திறந்து இளைத்து உடலைத் தணித்துக்கொள்ளவும் அதற்குச் சரியாக வராது. மூக்கால் மூச்சுவிடும் பிராணி அது. உடற்சூட்டை வெளியேற்ற அதற்கிருக்கும் பெரிய வழி காது. காதின் ரத்தக்குழாய்கள் விரிந்து வெப்பத்தைக் காற்றில் விடுகின்றன. சுற்றியுள்ள காற்றே உடலளவு சூடாகிவிட்டால் அந்த வழியும் அடைபட்டுப்போகும். 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் அதற்குச் சுகமான நிலை. 30ஐத் தாண்டினால் தீனி குறையும். ஆண் முயல் தற்காலிகமாக மலடாகும். 35க்கு மேல் நீடித்தால் உயிருக்கே ஆபத்து. தூத்துக்குடி மாவட்டத்தில் கோடைப் பகல்கள் இந்த எல்லையைச் சாதாரணமாகக் கடக்கின்றன. ஜூன், ஜூலையில் வீசும் தென்மேற்குக் காற்றும் நமக்கு மழையைக் கொண்டுவருவதில்லை, புழுதியைத்தான் வாரிக்கொண்டு வருகிறது. தமிழ்நாட்டில் முயல் ஆராய்ச்சிக்குப் பேர்போன இரண்டு இடங்களைப் பாருங்கள்: ஒன்று கொடைக்கானல் மேல்மலையில் உள்ள மன்னவனூர், மற்றொன்று நீலகிரியில் உள்ள சாண்டிநல்லா. இரண்டுமே மலை.

இந்த வெயிலில் முயலைப் புறவாசலில் வைப்பதா, வீட்டுக்குள் வைப்பதா என்று கேட்டால் வீட்டுக்குள்தான் என்று தயக்கமின்றிச் சொல்வேன். தகரக் கூரைக்கடியில் இருக்கும் கூண்டில் மே மாத மதியம் முயலுக்குப் போக்கிடமே இல்லை. வீட்டுக்குள் அது தானே தேடிக் குளிர்ந்த தரையில் வயிறு பதியப் படுத்துக்கொள்ளும். ஆனால் எல்லா வீடும் ஒன்றல்ல. ஓடு வேய்ந்த பழைய வீட்டின் தார்சாவில் காற்று ஓடும். காங்கிரீட் தளம் போட்ட வீட்டின் மாடியறை பகலெல்லாம் வாங்கிய சூட்டை நள்ளிரவு வரை கக்கிக்கொண்டிருக்கும். வியர்க்காத பிராணிக்கு மின்விசிறியால் பெரிய பயன் கிடையாது. ஈரத்துணி விரித்த தரை, துணி சுற்றிய உறைநீர்ப் பாட்டில், ஈரக்கையால் காதைத் தடவிவிடுதல், இவைதாம் உதவும். தண்ணீரில் முக்கி எடுக்கக் கூடாது. அந்த அதிர்ச்சியே முயலைக் கொன்றுவிடலாம். முயல் வாங்க நினைப்பவர் அதை விடப்போகும் அறையில் மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு ஒரு வெப்பமானியை வைத்துப் பார்க்கட்டும். 32க்கு மேல் காட்டினால், குளிர்சாதனம் இல்லாத அந்த வீடு முயலுக்கு ஆகாது. கடுமையான அளவுகோல் என்று தோன்றலாம். முயலின் உடம்பு வைத்த அளவுகோல் அது. நாம் தளர்த்த முடியாது.

வீட்டு வளர்ப்புக்கு வேறு நன்மைகளும் உண்டு. முயல் இயல்பாகவே ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து அங்கேயே சிறுநீர் கழிக்கும். அந்த மூலையில் தென்னை நார்க்கழிவோ பழைய காகிதமோ போட்ட தட்டை வைத்து, மேலே கொஞ்சம் புல்லும் போட்டால் சில வாரங்களில் பழகிவிடும். உலர்ந்த புழுக்கை நாறாது. முருங்கைக்கும் செம்பருத்திக்கும் நல்ல உரம். முயல் குரைக்காது, கத்தாது. தெருநாயும் சாரைப்பாம்பும் எட்டா. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. அப்படியொரு இரவில் புறவாசலில் பூட்டிய கூண்டுக்குள் இருக்கும் உயிருக்கு என்ன வழி? வீட்டுக்குள் இருப்பதையாவது கையில் தூக்கிக்கொண்டு மாடியேறலாம்.

இன்னொரு நன்மையை நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். வீட்டுக்குள் இருக்கும் முயலின் நோய் உடனே கண்ணில் படும். இரையாக வாழ்ந்த இனம் என்பதால் முயல் வலியை மறைக்கும். கண்டுபிடிக்க ஒரே வழி, அது தின்னுகிறதா, புழுக்கை போடுகிறதா என்று தினமும் பார்ப்பதுதான். முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதன் குடல் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அரை நாள் தீனி எடுக்காமல் கிடந்தாலே அவசரநிலை என்று கொள்ள வேண்டும். காலையில் தட்டைப் பார்த்துப் புழுக்கை குறைந்ததைக் கவனித்தவர் முயலைக் காப்பாற்றிவிடலாம். புறவாசல் கூண்டில் இதை யாரும் கவனிப்பதில்லை.

தீனி விஷயத்தில் நாம் பின்பற்றும் அறிவுரையின் மூலத்தைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழில் முயல் வளர்ப்பு பற்றிக் கைக்கு எளிதில் கிடைப்பவை பெரும்பாலும் இறைச்சிப் பண்ணைக்கான கையேடுகள். ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை என்று அவற்றில் வரும் இனங்கள் மூன்று மாதத்தில் சுமார் இரண்டு கிலோ எடைக்கு வளர்க்கப்படுபவை. அந்தக் கணக்குக்கு அகத்தி, குதிரைமசால், வேலிமசால், கடலைப்பிண்ணாக்கு சேர்ந்த அடர்தீவனம் எல்லாம் சரி. சந்தைக்குப் போகும் முயலின் பத்தாவது வயதைப் பற்றிப் பண்ணைக்காரர் கவலைப்படத் தேவையில்லை. அதே தீனியை வீட்டு முயலுக்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்தால் உடல் கொழுக்கும். அகத்தியிலும் குதிரைமசாலிலும் உள்ள சுண்ணாம்புச்சத்து சிறுநீர்ப்பையில் சேறாகத் தங்கும். வளர்ந்த முயலின் தீனியில் ஐந்தில் நான்கு பங்கு நார் மிகுந்த புல்லாக இருக்க வேண்டும். அதன் பல் சாகும்வரை வளர்கிறது. முன்பற்கள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் மேல் நீளும். நாள் முழுக்கப் புல்லை அரைத்தால்தான் அது தேயும். இல்லாவிட்டால் கடைவாய்ப் பல் முள்ளாகி நாக்கைக் கிழிக்கும். இணையத்தில் வெளிநாட்டு டிமோதிப் புல் பொட்டலம் தேடி அலைய வேண்டாம். நம் கொழுக்கட்டைப்புல்லும் அருகம்புல்லும் போதும். மழைக்காலத்தில் அறுத்து நிழலில் உலர்த்தி வைத்தால் கோடைக்கும் ஆகும். வைக்கோலை நம்பக் கூடாது, அதில் சத்து இல்லை. கேரட்டும் வாழைப்பழமும் பிஸ்கட்டும் பாசத்தில் கொடுக்கும் கேடு. சர்க்கரையும் மாவும், சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் உள்ள பெரிய பையில் வாழும் நுண்ணுயிர்களைக் குலைத்துவிடும். அங்கே உருவாகும் மென்மையான புழுக்கையை முயல் தானே தின்று சத்தெடுக்கிறது. அதைக் கண்டு அருவருத்துத் தடுப்பதும் தவறு.

கடிப்பதற்கு நம் ஊரில் அருமையான பொருள் இருக்கிறது. சாயம் போடாத பனையோலைக் கொட்டானையும் பழைய ஓலைப்பெட்டியையும் கவிழ்த்துப் போட்டால் முயலுக்கு அதுவே வளை, அதுவே விளையாட்டு. அதற்கென்று ஒன்று இல்லாவிட்டால் மின்கம்பியைக் கடிக்கும். கம்பிகளைக் குழாய்க்குள் விட வேண்டும். முற்றத்து அரளியின் இலை அதன் வாய்க்கு எட்டக் கூடாது.

பிள்ளைகளுக்காக வாங்குகிறோம் என்பதுதான் நம் வீடுகளில் சொல்லப்படும் காரணம். சிறு பிள்ளைக்கு முயல் பொருத்தமான துணை அல்ல என்பது என் முடிவு. பிள்ளை தூக்கிக் கொஞ்ச விரும்பும். முயலுக்குத் தரையைவிட்டுத் தூக்கப்படுவது பருந்தின் பிடியில் சிக்குவதற்கு ஒப்பானது. பயந்து பின்னங்காலால் உதைக்கும். அதன் எலும்பு உடல் எடையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை; தசையோ வலுவானது. உதைத்த வேகத்தில் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொண்ட முயல்களைக் கால்நடை மருத்துவர்கள் நன்கறிவார்கள். காதைப் பிடித்துத் தூக்கும் வழக்கம் படங்களிலும் பொம்மைகளிலும் பார்த்துக் கற்றது. அது வெறும் கொடுமை. பத்து வயதைக் கடந்த பிள்ளை, தரையில் உட்கார்ந்து முயல் தானே அருகில் வரும்வரை காத்திருக்கக் கற்றுக்கொண்டால் நிலைமை வேறு. அந்தப் பொறுமை வளர்ந்தவர்களுக்கே கடினம்.

தனியாக ஒரு முயலை வைப்பது கூட்டத்தில் வாழும் உயிருக்குத் தண்டனை. ஜோடியாக வைத்தால் வேறு சிக்கல். சினைக்காலம் சுமார் ஒரு மாதம். குட்டி ஈன்ற அன்றே தாய் மறுபடி சினைப்படும். கடைக்காரர் இரண்டும் பெண் என்று சொன்னதை நம்பியவர் வீட்டில் அரையாண்டில் குட்டிகள் நிறையும். பிறகு அவற்றைக் காட்டில் விடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1859இல் தாமஸ் ஆஸ்டின் விட்ட ஒரு சில முயல்கள் கண்டம் முழுக்கப் பெருகியதாகப் படித்திருக்கிறோம். நம் பனங்காட்டில் விட்ட வெள்ளை முயல் அப்படிப் பெருகாது. வெயிலிலோ நாய் வாயிலோ சாகும். கருத்தடை செய்வதே சரியான வழி. பெண் முயலுக்கு அது கர்ப்பப்பைப் புற்றுநோயிலிருந்தும் காப்பு. நான்கு வயதைக் கடந்த, கருத்தடை செய்யாத பெண் முயல்களிடம் அந்த நோய் மிகுதி.

ஆனால் அந்த அறுவைக்கு எங்கே போவது? நம் பக்கத்துக் கால்நடை மருந்தகங்கள் மாட்டையும் ஆட்டையும் கோழியையும் மனத்தில் வைத்து அமைந்தவை. முயலுக்கு மயக்க மருந்து கொடுப்பது தனிப் பயிற்சி. பழக்கமில்லாத கையில் மருந்தே விஷமாகும்: அமாக்சிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்தை வாய்வழி கொடுத்தால் முயலின் குடல் நுண்ணுயிர்கள் நாசமாகி உயிர் போகலாம், நாய்க்கு உண்ணி போக விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலைக் கொல்லக்கூடும். வீட்டிலிருக்கும் மருந்தை அன்போடு கொடுத்து முயலை இழந்த குடும்பங்களின் வேதனை பெரிது. முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அது நேர்ந்திருக்காது.

வீட்டுக்குள் வளர்ப்பது என்ற முறையில் எனக்குக் குறையில்லை. முயலுக்கு மனிதர் இதுவரை கண்டுபிடித்ததில் அதுவே சிறந்தது. குறை, அதை ஏற்கத் தயாராகாத வீடுகளுக்கும், விலங்கின் வயதையும் பாலினத்தையும் சொல்லாமல் விற்கும் கடைகளுக்கும் உரியது. செல்லப்பிராணிக் கடைகளுக்கான 2018ஆம் ஆண்டு விதிகள் பதிவைக் கட்டாயமாக்குகின்றன. திருவிழாக் கடையில் அட்டைப்பெட்டியில் குட்டி விற்பவருக்கும் அவற்றைப் பொருத்திப் பார்க்க வேண்டும். திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி, வீட்டு முயலுக்கென்று தமிழில் ஒரு சிறு கையேடும், தூத்துக்குடி மாவட்டத்தில் அவ்வப்போது ஒரு கருத்தடை முகாமும் தந்தால் பெரும் உதவியாக இருக்கும். அதுவரை சாயர்புரத்திலும் சுற்று ஊர்களிலும் புதிதாக முயல் வாங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன். ஏற்கெனவே வீட்டில் முயல் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே கூண்டுக் கதவைத் திறந்துவிடுங்கள். கம்பித் தரையை எடுத்துவிட்டுப் பாய் விரியுங்கள். புல்லும், கவிழாத மண்சட்டியில் தண்ணீரும் எந்நேரமும் இருக்கட்டும்.