‘அயலார்’ என்னும் சொல்லும் மருத்துவமனைக் கட்டணமும்

நூற்குற்றம் பத்தென எண்ணிய நன்னூலார் ‘மயங்க வைத்தல்’ என்பதனையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். ஒரு சொல் பல பொருட்கு இடந்தந்து கற்போரை ஐயுறச் செய்யுமாயின் அது குற்றம். செய்யுளில் இக்குற்றம் நேர்ந்தால் பொருள் கெடும். உரையாசிரியர் ஒருவர் வந்து சீர்செய்வார். சட்டத்தில் நேர்ந்தால் நோயாளியின் கைப்பொருள் கெடும். சிற்சில வேளை உடம்பும் கெடும். மலேசிய அரசு மருத்துவமனைகளில் வெளிநாட்டவரிடம் கட்டணம் வாங்குதற்கு வகுக்கப்பெற்ற ஆணையைச் சொல்லாராய்ச்சி நோக்கில் படித்துப் பார்த்தல் தமிழாசிரியர்க்குப் புறம்பான வேலை அன்று.

1951-ஆம் ஆண்டின் கட்டணச் சட்டத்தை அடியாகக் கொண்டு பிறந்த மருத்துவ ஆணைகளுள் இரண்டு ஈண்டு நோக்கத்தக்கன. ஒன்று 1982-ஆம் ஆண்டினது. குடிமக்கள் செலுத்தும் சிறு கட்டணம் அதன் வழிவந்தது. மற்றொன்று 2014-இல் இயற்றப்பெற்று 2015 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது; வெளிநாட்டவர்க்கு உரியது. ஈப்போவிலுள்ள பெரிய மருத்துவமனையாயினும் சிற்றூர்ச் சுகாதார நிலையமாயினும் அட்டவணை ஒன்றே. குடிமகன் வெளிநோயாளியாகச் சென்றால் 1 வெள்ளி. சிறப்பு மருத்துவரைக் கண்டால் 5 வெள்ளி. வெளிநாட்டவர்க்கு இவை படிப்படியே உயர்ந்து 40 வெள்ளியும் 120 வெள்ளியும் ஆயின. மூன்றாம் வகுப்புப் படுக்கைக்கு முன்பணமாக 1,400 வெள்ளியும், அறுவை மருத்துவமாயின் 2,800 வெள்ளியும் கட்டுதல் வேண்டும். ஒரு வெள்ளிக்கு மருத்துவம் செய்யும் நாட்டில் மிச்சச் செலவை வரிப்பணம் சுமக்கிறது. சுற்றுலா வந்தவர் அச்சுமையைத் தாமே ஏற்க என்பதில் முறைகேடு ஒன்றுமில்லை. ஆணையின் நோக்கத்தைக் குறை கூறுவோர் இதனை மறந்து பேசுகின்றனர். குறை நோக்கத்தில் இல்லை, சொல்லில் இருக்கிறது.

மலாய் வழக்கில் ‘வார்கா ஆசிங்’ என்பர். தமிழ் நாளிதழ்கள் ‘வெளிநாட்டவர்’ என்றும் ‘அந்நியர்’ என்றும் எழுதும். குடிமகன் அல்லாதவர் என்பதே நடைமுறையில் இதன் பொருள். இவ்வொரு சொல்லின்கீழ் யார் யார் வந்து நிற்கின்றனர்? பத்து நாள் விடுமுறைக்கு வந்தவர் ஒருவர். பெர்மிட் பெற்று உழைக்க வந்த நேப்பாளியரும் வங்காளதேசத்தாரும் மற்றொரு சாரார். போருக்கு அஞ்சி ஓடிவந்த அகதி வேறொருவர். இவர்கள் எல்லார்க்கும் வந்த வழி ஒன்று உண்டு. திரும்பும் நாடு ஒன்று இருக்கிறது, அல்லது இருந்தது. இவர்களோடு ஒரே வரிசையில், பேராவின் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, அத்தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, கையில் அடையாள அட்டை இல்லாது வாழும் ஒருவரும் நிற்கின்றார். சிவப்பு அட்டை பெற்று நிரந்தர வாசியானோரின் நிலை வேறு. ஈண்டுப் பேசப்படுவோர் எவ்வகை அட்டையும் இல்லாதோர். இவர் எந்த நாட்டிலிருந்து வந்தார் என்று கேட்டால் விடை இல்லை. வந்தவர் இவருடைய பாட்டனார்.

சட்டத்துக்கு இரக்கம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் அட்டை உடையார்க்கு வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி கழிக்கப்படுகிறது. 2011 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்க்கு மருத்துவமனைக் காப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. (தோட்டத் தொழிலாளரும் வீட்டுப் பணியாளரும் அக்கட்டாயத்துக்கு வெளியே விடப்பட்டனர் என்பது தனியே ஒரு கட்டுரைக்கு உரிய செய்தி.) 2020-இல் கோவிட் பரவியபோது அந்நோய்க்குரிய சோதனைக்கும் மருத்துவத்துக்கும் வெளிநாட்டவரிடம் கட்டணம் வேண்டா என்றனர், 2021-இல், பத்திரம் இல்லார்க்கும் தடுப்பூசி இலவசம் என்று அரசு அறிவித்தது. ஆக, விலக்கு அளிக்கும் வழி அறிந்தே இருக்கிறது. ஆனால் விலக்குப் பெறுதற்கு ஒரு பெயர் வேண்டும்: அகதி, தொழிலாளி, தொற்றுநோயாளி என ஏதேனும் ஒன்று. லயத்தில் பிறந்தவர்க்கு அத்தகைய பெயர் எதுவும் இல்லை. அகதிக்கு அட்டை தர ஓர் ஆணையம் இருக்கிறது. இவர்க்கு அதுவும் இல்லாமையால் பாதிக் கழிவும் இல்லை.

இப்படி ஒருவர் எவ்வாறு தோன்றினார் என்பதை அறியாதார், ‘பத்திரம் எடுக்காதது அவர் குற்றம்’ என்று எளிதில் முடித்துவிடுவர். வரலாறு அத்துணை எளிதன்று. விடுதலை நாளுக்கு முன் பிறந்தவர்கள் குடியுரிமைக்கு மனுச் செய்தல் வேண்டும் என்றும் மலாய்மொழி ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும் என்றும் அரசமைப்பு விதித்தது. 1957 ஆகஸ்டு 31-க்குப் பின் ஓராண்டுக் காலம் மட்டும் மொழித்தேர்வு தளர்த்தப்பட்டது. பெரட்டுக்களத்தில் விடியுமுன் பெயர் கொடுத்து அந்தியில் லயம் திரும்பியவருள் எத்துணைப் பேர் அவ்வோராண்டின் அருமையை அறிந்திருப்பர்? 1962 அக்டோபர் முதல் இம்மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது. பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தர வாசியாகவோ இருத்தல் வேண்டும் என்றாயிற்று. தந்தையும் தாயும் மனுச் செய்யாமற் போனது இவ்வாறு பிள்ளையின் மேல் ஏறியது. 1982 மார்ச்சு முதல் திருமணப் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கோயிலில் தாலி கட்டி, ஊர் அறிய வாழ்ந்து, பதிவு செய்யாது விட்டவர்களின் பிள்ளை தாயின் நிலையையே பெறும். தந்தை நீல அட்டை உடையவராயினும் தாய்க்கு அட்டை இல்லையேல் பிள்ளைக்கும் இல்லை. பிறப்புச் சான்றிதழிலேயே ‘புக்கான் வார்கானெகாரா’ (குடிமகன் அல்லாதவர்) என்று பொறிக்கப்படும்.

இவற்றிற்கிடையே தோட்டத் துண்டாடல் நிகழ்ந்தது. 1950-களிலும் 60-களிலும் பெருந்தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டன. அதன் விளைவுகளை ஆராய்ந்தவர் உங்கு அசிஸ். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்டதும் இதனாலேயே. 100 ஏக்கருக்குக் குறைந்த துண்டுகள் சிறுதோட்டம் எனப்பட்டன. பல துண்டுகளில் கிராணியும் இல்லை, டிரெஸ்ஸரும் இல்லை. பிறப்பை எழுதிக் கொடுப்பாரும் இல்லை.

பழைய தோட்ட மருத்துவமனையைப் பொற்காலமாகப் பாடவேண்டுவதில்லை. மலேரியாவால் கூலிகள் மடிந்ததும், மடிந்தால் துரைக்கு நட்டம் என்பதும் அதன் பிறப்புக்குக் காரணங்கள். ஆயினும் ஒன்று நோக்குக. டிரெஸ்ஸரிடம் மருந்துக்குப் போனவரை, ‘எந்த நாட்டுக் குடி?’ என்று அவர் கேட்டாரல்லர். செக்ரோலில் பெயர் உண்டா, இன்னார் வீட்டுப் பிள்ளையா என்பதே கேள்வி. தகுதி அட்டையில் இல்லை. வாழ்ந்த இடத்திலும் செய்த வேலையிலும் இருந்தது.

தமிழில் ‘குடி’ என்னும் சொல்லே இதனை உணர்த்தும். குடியிருப்பு, குடியுரிமை என்னும் இரண்டும் ஒரே அடியிற் பிறந்தவை. முன்னது இருத்தலையும் பின்னது உரிமையையும் குறிக்கும். பிரிட்டனில் கட்டணம் வாங்குதற்கு அளவுகோல் குடியுரிமை அன்று. ‘வழக்கமாகக் குடியிருத்தல்’ என்பதே. 1949-இலேயே வெளிநாட்டாரிடம் கட்டணம் வாங்கச் சட்டம் இடந்தந்தும் 1982 வரை அதனைப் பயன்படுத்தாது இருந்தனர். அங்கே விபத்துப் பிரிவின் முதலுதவிக்கும் காசநோய் முதலிய தொற்றுநோய்க்கும் எவரிடமும் கட்டணம் இல்லை. அளவுகோல் நன்றாயினும், ‘மெய்ப்பித்துக் காட்டு’ என்று கேட்கத் தொடங்கியதும் அங்கும் அதே துன்பம் விளைந்தது. மேற்கிந்தியத் தீவிலிருந்து இளமையில் வந்து 44 ஆண்டு இலண்டனில் வாழ்ந்த ஒருவர், பத்திரம் காட்ட இயலாமையால், புற்றுநோய் மருத்துவத்துக்கு 54,000 பவுன் கேட்கப்பட்டார். 2018-இல் ‘விண்ட்ரஷ்’ என்னும் பெயரால் அச்செய்தி உலகறிய, அரசு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

‘பண்டைத் தமிழர் எல்லார்க்கும் இலவசமாக மருத்துவம் செய்தனர்’ என்று மேடையில் முழங்குவோர்க்கும் ஒரு சொல். திருமுக்கூடல் கல்வெட்டுக் கூறும் வீரராசேந்திரன் காலத்து ஆதுலர்சாலையில் படுக்கைகள் 15. மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து கொணர்வோர், பணிப்பெண்டிர், நாவிதர் எனப் பலர்க்கும் ஊதியம் வகுக்கப்பட்டுள்ளது. ஆனால் அது ஊரார் அனைவர்க்கும் ஏற்பட்டதன்று. கோயிற் பணியாளர்க்கும் அங்குப் பயின்ற மாணாக்கர்க்கும் உரியது. எல்லை வகுத்தல் அன்றும் இருந்தது. ஆயினும் அவ்வெல்லை அவ்விடத்து வாழ்ந்தாரை உள்ளே வைத்து வகுக்கப்பட்டது.

2014-ஆம் ஆண்டு ஆணைக்கு வேண்டிய திருத்தமும் அத்தகையதே. ‘இந்நாட்டிற் பிறந்து வேறெந்த நாட்டின் குடியுமாகாது இங்கேயே வாழ்ந்து வருபவர் வெளிநாட்டவர் ஆகார்’ என ஒரு வாக்கியம் சேர்த்தால் மயக்கம் தீரும். குடியுரிமை வழங்குவதா இல்லையா என்பதைப் பதிவுத்துறை தன் காலத்தில் முடிவு செய்க. காய்ச்சல் அதுவரை காத்திராது. இத்தகையோர் மருத்துவமனைக்கு வர அஞ்சுவதற்குக் கட்டணம் ஒன்றே காரணமன்று. பத்திரமின்றி வருவோரைப் பற்றிக் காவல்துறைக்கு அறிவிக்குமாறு 2001-இல் சுகாதார அமைச்சு விடுத்த சுற்றறிக்கை மற்றொரு காரணம்.

‘பொய்யர் புகுந்துவிட்டால் என் செய்வது?’ என்பர். நியாயமான வினா. இருந்ததற்குச் சான்று வேண்டும். செக்ரோல்கள் பெரும்பாலும் தோட்டத்தோடு போயின. எஞ்சியவற்றுள் நம்பத்தக்கது தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. பிள்ளையின் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், சேர்ந்த நாள் எல்லாம் தலைமையாசிரியர் கையால் எழுதப்பட்டிருக்கும். மருத்துவமனை முகப்பில் அதன் படி ஒன்றைச் சான்றாக ஏற்கலாம் என்று விதி செய்தல் அமைச்சுக்கு அரிய செயல் அன்று. ஆனால் ஏற்பதற்கு முதலில் அப்பதிவேடு இருத்தல் வேண்டும். பேராவில் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு இடம் பெயர்ந்த பள்ளிகளும் உள; மூடப்பட்டவையும் உள. மேசை நாற்காலி இத்தனை என்று எண்ணிக் கையெழுத்திட்டு எடுத்துச் சென்றவர்கள், பழைய பதிவேடுகள் எந்த அலமாரியில் எந்த ஆண்டு முதல் இருக்கின்றன என்பதையும் இனியேனும் எண்ணி எழுதி வைக்கலாம். அவற்றிற் சில இப்போதே கறையான் தின்றது போக மிஞ்சிய ஏடுகளாக உள்ளன.