கொன்றால் என்ன கிடைக்கும்?

ரெசிடென்ட் ஈவில் திகில் விளையாட்டு வரிசையைத் தரப்படுத்தும் பட்டியல்களில் பெரும்பாலும் முதலிடம் நான்காம் பாகத்துக்குத்தான். 2023-இல் அதன் ரீமேக் வந்தபின் சிலர் அந்த நாற்காலியைப் புதியதற்குக் கொடுத்தார்கள்; பாகம் மாறவில்லை. பட்டியலோடு ஒரு வாதமும் சேர்ந்தே வரும். அசையாத கேமரா, திரும்பத் திணறும் பாத்திரம், எண்ணிக் கொடுக்கப்பட்ட தோட்டா எல்லாம் பழைய கருவிகளின் போதாமை. 2005-இல் ஷின்ஜி மிகாமி கேமராவை நாயகன் லியோனின் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் அந்த விலங்கை உடைத்தார் என்பார்கள்.

காலவரிசையை மட்டும் பார்த்தாலே இந்த வாதம் நிற்காது. 2000-இல் ட்ரீம்காஸ்டில் வந்த கோட் வெரோனிகா முழு முப்பரிமாணப் பின்னணிக்கும் நகரும் கேமராவுக்கும் போய்விட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, கேம்க்யூப் கையில் இருக்கும்போது, அதே மிகாமி முதல் பாகத்தை மறுபடி எடுத்துச் செய்தார். கேமராவை மறுபடி சுவரோரம் அசையாமல் நிறுத்தினார். வேறு வழியில்லாமல் செய்த வேலை அல்ல அது. அந்த 2002 ரீமேக்தான் இந்த வரிசையின் உச்சம் என்பது என் கட்சி.

தொடக்க காலம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். 1989-இல் டோகுரோ ஃபுஜிவாரா ஃபாமிகாமுக்குச் செய்த ஸ்வீட் ஹோம் ஒரு மாளிகையும், போதாத பையும், திரும்பி வராத தோழர்களும் கொண்டது. 1992-இல் ஃபிரான்சிலிருந்து வந்த அலோன் இன் த டார்க் கேமராவை நிலையாக நிறுத்தி, அறையின் மூலையையே மிரட்ட வைத்தது. இரண்டின் வாரிசாக 1996-இல் முதல் ரெசிடென்ட் ஈவில் பிளேஸ்டேஷனில் பிறந்தது. ஆர்க்லே மலைக்காட்டின் ஸ்பென்சர் மாளிகை, சேமிக்கத் தட்டச்சுப்பொறி, அதற்கு மை நாடா. நாடாவும் அளவோடுதான். நாயகி ஜில்லின் பையில் எட்டு இடம், நாயகன் கிறிஸுக்கு ஆறு. கதவு திறக்கும் காட்சி வட்டு ஓடும் நேரத்தை மறைக்கப் பிறந்தது. கதவுக்கு அப்பால் என்ன நிற்கிறது என்ற பதைப்பையும் அதுவே கொடுத்தது.

1998-இல் ஹிடெகி கமியா இயக்கிய இரண்டாம் பாகம், பாதிக்கு மேல் முடிந்திருந்த ஒரு வடிவத்தைத் தூக்கி எறிந்துவிட்டு எழுப்பப்பட்டது. லியோன், கிளேர் என இரண்டு பேரின் பாதை; ஒருவர் அலமாரியிலிருந்து இயந்திரத் துப்பாக்கியை எடுத்துவிட்டால் அடுத்தவருக்கு அது கிடையாது. பற்றாக்குறையை இரண்டு கதைகளுக்கு நடுவில் பங்கிட்ட அந்த யோசனையைத் தொடரின் அடுத்த படைப்புகள் இந்த அளவுக்கு வளர்த்தெடுக்கவில்லை. 1999-இன் மூன்றாம் பாகம் நெமிசிஸ் என்ற துரத்தலை நம்பியது; ரக்கூன் நகரின் தெருக்கள் அழகு, ஆனால் தோட்டா கொஞ்சம் தாராளம்.

இந்த மூன்றுக்கும் பொதுவான அடிப்படை ஒன்று உண்டு: கொல்வது நட்டம். கீழே விழுந்த ஜாம்பியிடமிருந்து தோட்டாவும் வராது, காசும் வராது. உங்கள் கையிருப்புதான் குறையும். அதனால் நடைவழியில் நிற்கும் ஒவ்வொரு உருவமும் ஒரு கணக்கைப் போட வைக்கிறது. இந்தப் பாதையில் இன்னும் எத்தனை முறை வர வேண்டியிருக்கும்? சுடுவதா, சுவரோரம் ஒதுங்கி ஓடுவதா? மாதக் கடைசியில் பர்ஸைத் திறக்கும் குடும்பஸ்தரின் தயக்கம் அது. இந்தத் தொடரின் பயம் கோரமான முகங்களிலிருந்து வருவதைவிட இந்தக் கணக்கிலிருந்துதான் அதிகம் வருகிறது. கேமராவின் வேலையும் இதில் உண்டு. எதிரியின் காலடிச் சத்தம் கேட்கிறது, ஆள் தெரியவில்லை. எத்தனை தோட்டா செலவாகும் என்று முன்கூட்டியே எண்ண முடியாமல் போகிறது.

2002 ரீமேக் இந்தக் கணக்கை இன்னும் கடுமையாக்கியது. இங்கே கொன்ற பிறகும் கடன் தீர்வதில்லை. தலை சிதறாத, எரிக்கப்படாத பிணம் சில நேரம் கழித்துச் சிவந்த தலையும் நீண்ட நகங்களுமாக எழுந்து ஓடி வருகிறது. எரிக்க மண்ணெண்ணெய் வேண்டும். குடுவையை நிரப்பினால் இரண்டே முறைக்குத்தான் வரும். குடுவையும் தீமூட்டியும் பையில் இடத்தைப் பிடிக்கும். எந்தப் பிணத்தை எரிப்பது, எதை அப்படியே விடுவது என்று மாளிகையின் வரைபடத்தை மனத்தில் விரித்து முடிவெடுக்க வேண்டும். நேற்று உங்கள் கையால் விழுந்தவனே நாளைக்கு உங்கள் வழியை மறிப்பான். தன் செயலின் விளைவை வீரர் தாமே சுமக்க வேண்டும் என்பதை இவ்வளவு சுத்தமாகச் சொன்ன திகில் விளையாட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.

பழைய ரசிகரின் நினைவையும் இந்தப் படைப்பு விட்டுவைக்கவில்லை. 1996-இல் நாய்கள் ஜன்னலை உடைத்துக்கொண்டு பாய்ந்த நடைவழி யாருக்கும் மறக்காது. ரீமேக்கில் அதே இடத்தில், நெஞ்சு அடித்துக்கொள்ளக் காத்திருக்கிறோம். கண்ணாடி விரிசல் மட்டும் விடுகிறது. நாய்கள் பிற்பாடு, நாம் மறந்திருக்கும்போது வருகின்றன. ஒரு கதவின் கைப்பிடி திறந்து திறந்து உடைந்தே போகிறது. மாளிகையைக் கட்டிய கட்டடக் கலைஞரின் மகள் லிசா ட்ரெவர் இங்கேதான் முதன்முதலாக வருகிறாள். ஆண்டுக்கணக்கில் சோதனைப் பொருளாக வைக்கப்பட்ட அவளைத் தோட்டாவால் சாய்க்க முடியாது. அவள் தேடுவது தன் தாயைத்தான். அந்தச் சோதனைகளை நடத்திய அம்ப்ரெல்லா நிறுவனத்தின் குற்றம் முழுவதும் அந்த ஒரு உருவத்தில் திரண்டு நிற்கிறது. இந்தத் தொடர் துக்கத்தைத் தொட்ட மிகச் சில இடங்களில் இதுவே ஆழமானது.

ஆனால் ரீமேக் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. அந்த ஏமாற்றமே நான்காம் பாகத்தை அதிரடிப் பக்கம் திருப்பியது என்பதை மிகாமியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பரிணாமம் என்று நாம் கொண்டாடுவது ஒரு பகுதி சந்தையின் தீர்ப்பு.

நான்காம் பாகம் மகத்தான கைத்திறன். அதை மறுப்பவன் நானல்ல. ஸ்பெயினின் அந்தக் கிராமச் சண்டை, காலில் சுட்டு மண்டியிட வைத்து உதைக்கும் தாளம், சதுரக் கட்டங்களாகப் பிரிந்த பெட்டியில் ஆயுதங்களை அடுக்கும் நிறைவு எல்லாம் உண்மை. அதற்குப் பின் வந்த அதிரடி விளையாட்டுகளின் தோள்களில் எல்லாம் அந்தக் கேமரா ஏறிக்கொண்டதும் உண்மை. ஆனால் இங்கே விழுகிற ஒவ்வொருவனும் தோட்டாவோ பெசட்டாவோ போட்டுவிட்டுப் போகிறான். உங்கள் தவிப்பைப் பார்த்து விளையாட்டே தோட்டாவைக் கூட்டிக் குறைக்கிறது. காசை வாங்கிக்கொண்டு துப்பாக்கியை மெருகேற்ற வணிகர் காத்திருக்கிறார். கொல்வது வருமானமாகிவிட்டது. வருமானம் தரும் எதிரியைக் கண்டு யார் நடுங்குவார்கள்?

அடுத்த இரண்டு பாகங்கள் இதே தர்க்கத்தின் நேர்க்கோட்டில் விழுந்தன. 2009-இன் ஐந்தாம் பாகம் பயமுறுத்த வேண்டிய தனிமையை ஷீவா என்ற துணையிடம் ஒப்படைத்தது. ஆப்பிரிக்க மக்களைக் கூட்டமாகச் சுட்டு வீழ்த்தும் அதன் காட்சிகள் எழுப்பிய கசப்பு நியாயமானது. 2012-இன் ஆறாம் பாகம் நான்கு கதைகள், வெடிப்புகள், துரத்தல்கள் என வீங்கிப்போன படைப்பு. இந்த இரண்டின் தோல்விக்கு நான்காம் பாகத்தைப் பொறுப்பாக்காமல் புகழ்கிறவர்கள் பாதி வரலாற்றைத்தான் படித்திருக்கிறார்கள்.

மீட்பும் பழைய கணக்கிலிருந்தே வந்தது. 2015-இல் உலகெங்கும் வெளியான 2002 ரீமேக்கின் மெருகேற்றிய வடிவம் சில மாதங்களிலேயே 10 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. 2017-இல் கோஷி நகானிஷியின் ஏழாம் பாகம் கேமராவை நாயகன் ஈதனின் கண்ணுக்குள் வைத்தது. ஆனாலும் லூசியானாவின் பேக்கர் வீடு ஸ்பென்சர் மாளிகையின் ரத்த உறவுதான். பூட்டிய கதவுகள், சிறிய பை, விழுந்தும் எதுவும் தராத எதிரிகள். கதை வீட்டை விட்டு ஒரு கப்பலுக்குப் போனதும் அந்த இறுக்கம் தளர்கிறது. 2019-இன் இரண்டாம் பாக ரீமேக்கில் தோள் கேமரா இருந்தும் பயம் இருக்கிறது. காரணம், அங்கே ஜாம்பி பல தோட்டாக்களை விழுங்கிவிட்டு மறுபடி எழுகிறான், மேல்மாடியில் துரத்தி வரும் மிஸ்டர் எக்ஸின் காலடி ஓயாமல் அதிர்கிறது. கேமரா எங்கே நிற்கிறது என்பதைவிடக் கொலைக்கு என்ன விலை என்பதே முக்கியம் என்பதற்கு இந்த இரண்டும் சாட்சி. 2020-இன் மூன்றாம் பாக ரீமேக் மூலத்தின் மணிக்கூண்டையே வெட்டிய அவசரச் சமையல். 2021-இன் வில்லேஜில் ஆயுதத்தைப் பிடுங்கிவிடும் பெனவியென்டோ வீடு ஒன்றே நெஞ்சில் நிற்கும்.

எனவே என் வரிசை இது: முதலில் 2002 ரீமேக், அடுத்து 1998-இன் இரண்டாம் பாகம், மூன்றாவது 2019-இல் வந்த அதன் ரீமேக், நான்காவது ஏழாம் பாகம், ஐந்தாவதுதான் 2005-இன் நான்காம் பாகம். ஐந்தாம் இடம் அதற்கு அவமானமில்லை. அதிரடி விளையாட்டுகளின் பட்டியலில் அதை முதலில் வைக்க எனக்குத் தயக்கமே இல்லை. திகிலின் பட்டியலில் முடியாது. இந்த வரிசைக்குள் புதிதாக நுழைகிறவர்கள் நான்கிலிருந்து தொடங்க வேண்டாம். 2015 வடிவம் இன்றைய கருவிகளில் கிடைக்கிறது. பழைய நடை கைவராதவர்களுக்கு அதில் எளிய இயக்கமுறையும் உண்டு. ஜில்லைத் தேர்ந்தெடுத்து அங்கிருந்து தொடங்குங்கள்.