அவசரப்படாத டிஸ்கோ

மலேசியாவில், ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் மலைச்சாலையில், இரு பக்கமும் தேயிலை விரிந்து கிடக்க, ‘பிரியா’ படப் பாடல்களைக் கேட்டுப் பாருங்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எடுத்து 1978 டிசம்பரில் வெளிவந்த படம். இளையராஜா ஸ்டீரியோவில் பதிவு செய்த பாடல்கள். அவற்றில் பி. சுசீலா பாடிய ‘டார்லிங் டார்லிங் டார்லிங்’ என்னை இன்னும் விட்டபாடில்லை.

மெட்டின் வேர் ‘சன்னி’. பாபி ஹெப் 1966இல் பாடியதை போனி எம் குழு 1976இல் டிஸ்கோ ஆக்கியது. இதை மறைக்கத் தேவையில்லை. ராஜாவின் கைவண்ணம் வேறிடத்தில் இருக்கிறது. அடிக்கு ஓர் உதையாகப் பெரிய டிரம் விழுகிறது. இரண்டு உதைகளுக்கு நடுவே ஹை-ஹாட்டின் ‘ட்ஸ்’, கொழுந்து வெட்டும் கத்தரி வாய் திறந்து மூடுவதுபோல. காலக்கணக்கை டிரம் ஏற்றுக்கொண்டதால் குரலுக்கு அந்தச் சுமை இல்லை. ஆட்டப் பாட்டென்றால் சொல்லை வெட்டி வெட்டிப் பாடுவார்கள். சுசீலா அப்படிச் செய்யவில்லை. மெய்யெழுத்து மழுங்காமல், வரியின் கடைசியை மட்டும் இழைத்துவிடுகிறார். கீழே துள்ளல், மேலே நிதானம்! உயர்தர டிஸ்கோவின் உயிர் இந்த இடைவெளியில்தான்.

நியூயார்க்கின் ‘ஷீக்’ குழுவும் இதையே செய்தது. நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் 1977 ஆண்டிறுதி இரவில் ‘ஸ்டூடியோ 54’ வாசலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வீட்டுக்குப் போய் அந்தக் கோபத்தையே ‘லெ ஃப்ரீக்’ ஆக்கினார்கள். கோபத்துக்குக் கோட்டும் டையும் மாட்டிவிட்டார்கள் என்பேன். 1979இல் வந்த அவர்களுடைய ‘குட் டைம்ஸ்’ பாட்டில் பேஸ் கிட்டார் மூன்று முறை தட்டிவிட்டு நின்றுவிடும். அந்த வெற்றிடத்தில் நம் கால் தானாக எழும்.

உள்ளே விடாதவர்கள் முன்னால் ஒரு சுருக்கமும் இல்லாமல் உடுத்தி நிற்பது இந்த இசையின் கொள்கை. விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, நின்ற மலேசியத் தோட்டத்துப் பிள்ளைகள் தீபாவளிக்குப் பெல்பாட்டத்தை மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டது வெறும் பகட்டா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பினாங்கின் ஆறுமுகம் சகோதரர்கள், டேவிட்டும் லோகாவும், தங்கள் ‘அலிகேட்ஸ்’ இசைக்குழுவின் மேடையில் சுருள்முடியை விரித்துக் கம்பீரமாக நின்றதும் இந்த மிடுக்கோடுதான்.

இப்போது பழைய பாடல்களை மறுகலவை செய்பவர்கள் டிரம்மை ஓங்கவிட்டுக் குரலைப் பின்னால் தள்ளுகிறார்கள். சுசீலாவின் பாட்டுக்கு அதைச் செய்யாதீர்கள். ஆட்டத்தை நடத்துவது அந்தக் குரல்தான்.