விருந்தாளியும் ஒற்றனும்: அசோகமித்திரனின் அயோவா

மாட்ரிட்டில் 'ஸ்பெயின்–அமெரிக்கா கவுன்சில்' என்று ஓர் அறக்கட்டளை இருக்கிறது. அமெரிக்காவில் மேலே வந்துகொண்டிருக்கும் இளம் தலைவர்களை, குறிப்பாக ஸ்பானிய வேர் உள்ளவர்களை, ஸ்பெயினுக்கு அழைத்துப்போய் ஊரைக் காட்டி, பெரிய மனிதர்களைச் சந்திக்க வைத்து அனுப்புவது அதன் வேலைகளில் ஒன்று. இந்த மாதிரிப் பயணங்களுக்கு 'எக்ஸ்சேஞ்ச்' என்று பெயர். அதாவது பரிமாற்றம். யார் எதைக் கொடுத்து எதை வாங்குகிறார்கள் என்று மட்டும் அழைப்பிதழில் அச்சிட மாட்டார்கள்.

இந்தப் பரிமாற்றங்களின் வரலாற்றைக் கொஞ்ச நாளாகத் துருவிக்கொண்டிருக்கிறேன். துருவத் துருவ, இதைப் பற்றி எழுதப்பட்ட ஆகச் சிறந்த புத்தகங்களில் ஒன்று தமிழிலேயே இருக்கிறது என்ற எண்ணம்தான் வலுப்பட்டது. அசோகமித்திரனின் 'ஒற்றன்!' (1985). அதை 'அமெரிக்கப் பயண அனுபவம், மெல்லிய நகைச்சுவை' என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம். எனக்கு அதில் சம்மதமில்லை.

முதலில் கொஞ்சம் பின்னணி. அமெரிக்க அரசு வெளிநாட்டுப் பிரமுகர்களைக் கூப்பிட்டு ஊர் சுற்றிக்காட்டும் வழக்கம் 1940இல் தொடங்கியது. நெல்சன் ராக்பெல்லர் லத்தீன் அமெரிக்க உறவுகளுக்குப் பொறுப்பாளராக இருந்தபோது அங்கிருந்து 130 பத்திரிகையாளர்களை வரவழைத்தார். ஹிட்லரின் செல்வாக்கு தன் கொல்லைப்புறம் வரை வந்துவிடக்கூடாது என்ற கவலைதான் காரணம். 1946இல் செனட்டர் ஃபுல்பிரைட் கொண்டுவந்த சட்டத்துக்குக் காசு எங்கிருந்து வந்தது தெரியுமா? போர் முடிந்து வெளிநாடுகளில் மிஞ்சிக் கிடந்த ராணுவத் தளவாடங்களை விற்ற பணம். இந்தியாவுடன் ஒப்பந்தம் 1950இல். ஸ்பெயினுடன் 1958இல், அதாவது ஃபிராங்கோவின் சர்வாதிகாரம் நடந்துகொண்டிருக்கும்போதே. அதற்கு ஐந்து வருடம் முன்னால்தான் அமெரிக்கா தன் ராணுவத் தளங்களுக்கு ஸ்பெயினில் இடம் வாங்கியிருந்தது. முதலில் தளம், பிறகு மாணவர்கள். அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

பி.எல்.480 கோதுமை நம் ஊர்ப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கோதுமைக்கு இந்தியா ரூபாயில் கட்டிய பணத்தில், 1962 முதல், தமிழ்ப் புத்தகங்கள் உட்பட இந்தியப் புத்தகங்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பினார்கள். இங்கே தேடிக் கிடைக்காத சில பழைய தமிழ் நூல்கள் சிகாகோவில் கிடைப்பதற்கு ரேஷன் கடைக் கோதுமையும் ஒரு காரணம். இதில் எனக்குப் புகாரே கிடையாது.

அயோவாவுக்கு வருவோம். கவிஞர் பால் எங்கிலும் ஹுவாலிங் நியேவும் 1967இல் அயோவா பல்கலைக்கழகத்தில் சர்வதேச எழுத்தாளர் திட்டத்தைத் தொடங்கினார்கள். உலகின் பல மூலைகளிலிருந்து எழுத்தாளர்களை வரவழைத்து, சில மாதங்கள் தங்கவைத்து, 'எழுதுங்கள்' என்று விட்டுவிடுவது. நல்ல யோசனைதான். எரிக் பென்னட் என்ற ஆய்வாளர் அந்த யோசனையின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பணம் வெளிப்படையாகவே இருந்தது. அதோடு 1967இல் ஃபார்ஃபீல்டு அறக்கட்டளையின் பணமும் எங்கிலுக்கு வந்திருக்கிறது. ஃபார்ஃபீல்டு என்பது சி.ஐ.ஏ. தன் பணத்தைக் கலாசார வேலைகளுக்கு வெள்ளையாக்கி அனுப்பிய குழாய். லண்டனின் 'என்கவுண்ட்டர்' பத்திரிகைக்கும் இதே குழாய் வழியாகத்தான் பணம் போனது.

'என்கவுண்ட்டர்' என்றதும் அசோகமித்திரன் வாசகர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். அவர் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்த நாட்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியதில் ஒரு பகுதி, சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடமாக இருக்கிறது. அதில் இரண்டு விருந்தாளிகள் வருகிறார்கள். ஒன்று, 1952இல் சென்னைக்கு வந்த 'மாரல் ரீ-ஆர்மமெண்ட்' என்ற கூட்டம். இருநூறு பேர், பல நாட்டுக்காரர்கள், கையில் இரண்டு நாடகங்கள். ஜெமினி அவர்களை ஓகோவென்று உபசரித்தது. அது கம்யூனிசத்துக்கு எதிரான இயக்கம் என்பது அவருக்குப் பின்னால்தான் தெரிகிறது. இரண்டு, ஓர் ஆங்கிலக் கவிஞர் வந்து ஸ்டூடியோ ஊழியர்கள் முன் பேசுகிறார். உச்சரிப்பு யாருக்கும் பிடிபடவில்லை. தமிழ் சினிமா எடுக்கிறவர்களிடம் இவர் எதற்கு வந்தார் என்று வந்தவருக்கும் தெரியவில்லை, கேட்டவர்களுக்கும் தெரியவில்லை. வருடங்கள் கழித்து ஒரு சிறுகதைப் போட்டிக்கு அனுப்புவதற்காக 'என்கவுண்ட்டர்' பத்திரிகையைப் பற்றி விசாரிக்க பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்துக்குப் போகிறார் அசோகமித்திரன். ஆசிரியர் பெயரைப் பார்த்ததும் விஷயம் விளங்குகிறது. ஸ்டீபன் ஸ்பெண்டர்! அந்த ஸ்பெண்டர்தான் 1967இல் சி.ஐ.ஏ. பணம் அம்பலமானதும் பத்திரிகையிலிருந்து விலகினார்.

அதாவது, அயோவாவுக்குப் போவதற்கு இருபது வருடம் முன்பே, அனுப்பிவைக்கப்பட்ட விருந்தாளி எப்படி இருப்பார் என்பதை அவர் நாற்காலியின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாகிவிட்டது. 1973இல் நாற்காலி மாறுகிறது. இப்போது இவர் ஸ்பெண்டர். இவருடைய உச்சரிப்பைக் கேட்டு வேறு யாரோ விழிக்கப்போகிறார்கள். 'ஒற்றன்!' நாவலை அந்த ஜெமினிக் கட்டுரையின் மறுபாதியாகப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. தனியாகப் படித்தால் அது குளிர், சாப்பாடு, பக்கத்து அறைக்காரர் என்று நின்றுவிடும். சேர்த்துப் படித்தால் தலைப்பில் இருக்கும் அந்த ஆச்சரியக்குறி எதற்கு என்று புரியும்.

அந்த வருடத்தையும் மறக்க முடியாது. 1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் அயெண்டே அரசு கவிழ்க்கப்பட்டது. எத்தியோப்பியாவில் பஞ்சம், அடுத்த வருடம் பேரரசர் ஹைலே செலாசியே பதவியிழக்கிறார். வாஷிங்டனில் வாட்டர்கேட். உலகின் பாதி நாடுகளில் அமெரிக்காவின் கை எதையோ கிண்டிக்கொண்டிருந்த அதே பருவத்தில், அந்த நாடுகளின் எழுத்தாளர்கள் அயோவாவில் ஒரே கட்டடத்தில் அமெரிக்கா கொடுத்த அறைகளில் தங்கி, அமெரிக்கா கொடுத்த உதவித்தொகையில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதை வைத்துச் சத்தமாக ஒரு அரசியல் நாவல் எழுதியிருக்கலாம். அசோகமித்திரன் எழுதவில்லை. அவர் எழுதியது சின்னச் சின்ன சங்கடங்களை. பெரு நாட்டு எழுத்தாளர் பிராவோ தன் நாவலுக்காக ஒரு பெரிய வரைபடம் போட்டு வைத்திருக்கிறார். பாத்திரங்கள், காலம், சம்பவங்கள் எல்லாம் கோடு போட்டு இணைக்கப்பட்டு, ஒரு தொழிற்சாலைத் திட்டம் மாதிரி. மதராஸிலிருந்து போன நம் ஆளுக்கு ஒரே திகைப்பு. நாவலை இப்படியெல்லாம் எழுதுவார்களா! படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் இதுதான் நிஜமான பரிமாற்றம். நிகழ்ச்சி நிரலில் இல்லாத, அழைத்தவர்கள் திட்டமிடாத, இரண்டு ஏழை நாட்டு எழுத்தாளர்கள் ஒரு அறைக்குள் ஒருவர் தொழிலை மற்றவர் எட்டிப்பார்த்த தருணம். இதில் அமெரிக்காவுக்கு வேலையே இல்லை. அறை வாடகையைத் தவிர.

எத்தியோப்பிய எழுத்தாளர் அபே குபேக்னாவுடன் வரும் உரசல்தான் நாவலின் நடுமுள். அபே நிஜ மனிதர். அவருடைய 'அல்வல்லெதம்' என்ற நூல் சொந்த நாட்டில் தடை செய்யப்பட்டது. அப்படிப்பட்டவர் ஒரு அரசாங்கத்தின் விருந்தாளியாக இருக்கும்போது எல்லோரையும் சந்தேகப்படுவார், எரிந்து விழுவார், இல்லையா? இங்கேதான் நாவல் மீது எனக்கு ஒரு குறை. அபேயை நாம் கதைசொல்லியின் பயம் வழியாக மட்டுமே பார்க்கிறோம். பெரிய உடம்பு, பெரிய குரல், எப்போது வெடிப்பார் என்று தெரியாத ஆள். அந்தப் பயத்தில் நம் ஊர் நடுத்தர வர்க்கத்தின் நிறப் பார்வையும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். தன்னைப் பார்த்துச் சிரிப்பதில் அசோகமித்திரனை அடித்துக்கொள்ள ஆளில்லை. இந்த இடத்தில் மட்டும் அவர் தன்னைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சிரித்திருக்கலாம்.

என். கல்யாண்ராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2005இல் வந்தது. தலைப்பு 'மோல்!'. அது உள்ளேயே புதைந்து வருடக்கணக்கில் வேலை செய்யும் உளவாளியைக் குறிக்கும் சொல். தமிழ் 'ஒற்றன்' வேறு மாதிரி. நமக்கு ஒற்றன் என்றால் உடனே வருவது குறளின் ஒற்றாடல் அதிகாரம். அங்கே ஒற்றன் அரசனின் கண். துறவி வேடத்தில்கூடப் போவான், என்ன செய்தாலும் சோர்ந்து வாய்விடமாட்டான். விருந்தோம்பலுக்கும் அதே நூலில் தனி அதிகாரம் உண்டு என்பதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். விருந்தாளி, ஒற்றன் இரண்டு பேருமே அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதியோடு நுழைந்து சுற்றிலும் பார்க்கிறவர்கள். எழுத்தாளன் விருந்தாளியாகப் போனால் இரண்டும் ஒரே ஆளாகிவிடுகிறது. சோற்றைத் தின்றுவிட்டு வீட்டைப் பற்றி எழுதுகிறவன்.

தமிழில் அழைக்கப்பட்டுப் போனவர்கள் எழுதிய பயண நூல்களுக்குக் குறைவில்லை. அமெரிக்கா கூப்பிட்டுப் போனவர்கள் உண்டு, சோவியத் யூனியன் கூப்பிட்டுப் போனவர்களும் உண்டு. விமான நிலையத்தில் வரவேற்பு, மொழிபெயர்ப்பாளரின் புன்னகை, தொழிற்சாலை, பள்ளிக்கூடம், குழந்தைகள் கொடுத்த பூங்கொத்து. எந்த முகாம் என்பதைப் பெயர்களை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், மற்றபடி அச்சு ஒன்றுதான். நன்றிக்கடன் எழுத்தின் குரலைக் கட்டிப்போட்டுவிடும். ஏ.கே. செட்டியார் எழுதியதில் அந்த வாடை அடிக்காததற்குக் காரணம், காந்தி படத்துக்காகத் துண்டுத் துண்டாகப் படச்சுருள் தேடி அலைந்த அந்த மனிதரை யாரும் சிவப்புக் கம்பளம் விரித்துக் கூப்பிடவில்லை என்பதுதான். 'ஒற்றன்!' விசேஷம் என்று நான் சொல்வது இதனால். அழைக்கப்பட்டுப் போனவர் எழுதியது, ஆனால் நன்றியறிக்கையாகவும் இல்லை, வசைக் கடிதமாகவும் இல்லை.

போடியில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் படிப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஸ்பானிய மொழி பேசும் உலகம் என்றால் மாட்ரிட்டோ பிராவோவின் பெருவோ இல்லை. குவாத்தமாலா! ஏலக்காய் வியாபாரிகள் வாயில் தினமும் புழங்கும் பெயர். அங்கே விளைச்சல் அமோகம் என்றால் இங்கே ஏல மையத்தில் முகங்கள் தொங்கிப்போகும். அந்த நாட்டுக்கு ஏலச்செடி போனதே இந்தியாவிலிருந்துதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் கொண்டுபோன விதை ஆல்டா வெராபாஸ் மலைகளில் பிடித்துக்கொண்டு, இன்று உலக ஏற்றுமதியில் நம்மை முந்தி நிற்கிறது. எந்த அறக்கட்டளையும் நடத்தாத பரிமாற்றம்.

அந்த மலையில் காய் எடுக்கும் மாயா இனப் பெண்ணுக்கும், விடியற்காலையில் போடியில் ஜீப் ஏறி, பதினேழு கொண்டை ஊசி வளைவு கடந்து போடிமெட்டு வழியாக இடுக்கி எஸ்டேட்டுக்குப் போகும் பெண்ணுக்கும் பேசிக்கொள்ள எவ்வளவோ இருக்கும். கூலி, மருந்தடிப்பு, காய் விலை, மழை. 'இளம் தலைவர்கள்' பட்டியலில் இந்த இரண்டு பேரும் வரமாட்டார்கள். தலைவர் என்று யாரை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில்தான் இந்தத் திட்டங்களின் அரசியல் இருக்கிறது, பயணத்தில் காட்டும் காட்சிகளில் இல்லை. அயோவாவும் அப்படித்தான். ஆனால் அயோவாவின் அதிர்ஷ்டம், தேர்ந்தெடுத்த ஆட்களில் ஜெமினி ஸ்டூடியோவில் எடுபிடி குமாஸ்தா மாதிரி வேலை பார்த்து, எல்லாவற்றையும் ஓரத்திலிருந்து பார்த்துப் பழகிய ஒருவரும் இருந்தார்.

அழைப்பில்லாமல் எல்லை தாண்டுகிறவர்களின் கதை வேறு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்தபோது, வருடக்கணக்காக அந்தப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் வேலை செய்துவந்த தமிழ்த் தொழிலாளர்கள் மிரட்டலுக்குப் பயந்து குழந்தைகளோடு மூட்டை முடிச்சோடு காட்டுப் பாதைகளில் தேனி மாவட்டத்துக்குள் இறங்கினார்கள். நேற்றுவரை தோட்டத்து ஆள், இன்றைக்கு அந்நியன். அதை எழுத இன்னும் ஒரு அசோகமித்திரன் வரவில்லை. வந்தால் அவருக்கு உதவித்தொகையோ அறையோ தேவைப்படாது. பேருந்துக் கட்டணம் போதும்.

'ஒற்றன்!' கையில் கிடைத்தால் ஜெமினிக் கட்டுரையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். பிராவோவின் வரைபடம் வரும் இடத்தில் கொஞ்சம் நிதானமாக.