நான்கு முறை 1-2

குவாஹாட்டி சருசஜாய் மைதானம் என்று சொன்னாலே இந்தியக் கால்பந்து ரசிகனுக்கு வயிற்றைப் பிசையும். 2019 செப்டம்பர் 5, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஓமனுடன் ஆட்டம். 24-வது நிமிடத்தில் பெனால்டி பெட்டிக்கு வெளியே ஒரு ஃப்ரீ கிக். பந்து உயரமாக வரும் என்று எல்லோரும் காத்திருக்க, பிராண்டன் பெர்னாண்டஸ் அதைத் தரையோடு தட்டிவிட்டார். கும்பலிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடிவந்த சுனில் சேத்ரி ஒரே உதையில் வலைக்குள் அனுப்பினார். பயிற்சியில் பலமுறை செய்து பார்த்தவர்களுக்குத்தான் அப்படி ஒரு கோல் வாய்க்கும். 81 நிமிடம் வரை நாம்தான் முன்னிலை. 82-ல் ஒன்று, 90-ல் ஒன்று. இரண்டையும் ரபியா அல் மந்தரே அடித்தார். 1-2.

நாலரை ஆண்டு கழித்து, 2024 மார்ச் 26. அதே மைதானம், அதே தகுதிச் சுற்று, எதிரே ஆப்கானிஸ்தான். சேத்ரிக்கு அது 150-வது சர்வதேச ஆட்டம். 38-வது நிமிடத்தில் பெனால்டியை அவரே கோலாக்கினார். ஆப்கன் வீரர்கள் 18 பேர் தங்கள் கூட்டமைப்போடு ஏற்பட்ட பிணக்கில் விலகியிருந்தார்கள். கிடைத்தவர்களைச் சேர்த்துக்கொண்டு வந்த அணி அது. 70-வது நிமிடத்தில் சமன் செய்தார்கள். 88-வது நிமிடத்தில் கோல்கீப்பர் குர்ப்ரீத் சிங் சந்து முன்னேறி வந்து மோத, பெனால்டி. மறுபடியும் 1-2.

அடுத்தது தோஹா, 2024 ஜூன் 11. சேத்ரி ஓய்வு பெற்று ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. கத்தாரை வென்றால் தகுதிச் சுற்றின் மூன்றாம் கட்டத்துக்கு முதல்முறையாகப் போயிருப்போம். 37-வது நிமிடத்தில் நம் சாங்தே கோல் அடித்தார். 73-வது நிமிடத்தில், எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்ட பந்தைக் கத்தார் வீரர் காலால் இழுத்து உள்ளே விட, யூசுஃப் அய்மென் அதை வலைக்குள் தள்ளினார். நம் வீரர்கள் ஆட்டத்தையே நிறுத்திவிட்டு நடுவரைப் பார்த்து நின்றார்கள். கோல் செல்லும் என்றார் நடுவர். வீடியோ உதவி அந்தச் சுற்றில் இல்லை. அது அநியாயம், இன்றும் அநியாயம்தான். ஆனால் 85-வது நிமிடத்தில் விழுந்த இரண்டாவது கோலில் எந்தத் தவறும் இல்லை. 1-2.

நான்காவது, 2025 அக்டோபர் 14, கோவாவின் ஃபதோர்டா. ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூர். சாங்தே 14-வது நிமிடத்திலேயே தொலைவிலிருந்து ஓங்கி அடித்துக் கோல் போட்டார். சிங்கப்பூரின் சாங் உய் யங் என்ற ஒரே ஆள் 44, 58-வது நிமிடங்களில் இரண்டு கோல் போட்டுவிட்டுப் போனார். 1-2. அந்த இரவோடு 2027 ஆசியக் கோப்பை கனவு முடிந்தது.

நான்கு தோல்வியிலும் முதலில் கோல் அடித்தது நாம்தான். முதல் மூன்றும் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் காலத்தவை, நான்காவது காலித் ஜமீல் காலத்தது. அதற்காக மற்றவர்கள் தப்பித்தார்கள் என்றில்லை. ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் காலத்தில், 2019 ஜனவரி, ஷார்ஜா. பஹ்ரைனுடன் டிரா செய்தால் போதும், ஆசியக் கோப்பையின் அடுத்த சுற்று. 90 நிமிடமும் தாக்குப்பிடித்தார்கள். இஞ்சுரி டைமின் முதல் நிமிடத்தில் ஒரு பெனால்டி. தாய்லாந்தை 4-1 என்று புரட்டியெடுத்து ஆரம்பித்த அணி, பிரிவில் கடைசி இடத்தோடு ஊர் திரும்பியது. கான்ஸ்டன்டைன் அன்றே விலகினார்.

மனோலோ மார்க்வெஸ் காலத்துத் தோல்வி 2025 ஜூன் 10, ஹாங்காங்கின் கை டாக் மைதானம். நம் ஊரில் சாயங்காலம் ஏழரை மணிகூட ஆகவில்லை. முதல் பாதியில் லிஸ்டன் கொலாசோ எடுத்துக் கொடுத்த பந்தை ஆஷிக் குருணியன் வெறும் கோலுக்கு முன்னால் நின்று வெளியே அடித்ததைப் பார்த்தபோதே மனசு கெட்டுப்போனது. 94-வது நிமிடம், உயரமாக வந்த பந்தைக் குத்த முன்னேறிய கோல்கீப்பர் விஷால் கைத்தின் கை எதிரணி வீரர் மேல் பட்டது. பெனால்டி, 0-1. டிவியை அணைத்துவிட்டு நெடுநேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை. 2022 ஜூனில் இதே ஹாங்காங்கைக் கொல்கத்தாவில் 4-0 என்று அடித்தவர்கள் நாம். குவாஹாட்டியில் ஆப்கன் அணிக்கும் கை டாக்கில் ஹாங்காங்குக்கும் பயிற்சியாளர் ஒருவரே: ஆஷ்லி வெஸ்ட்வுட். பெங்களூரு எஃப்.சி.க்கு இரண்டு ஐ-லீக் பட்டம் வாங்கித் தந்தவர், சேத்ரியைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். நம் அணி கடைசியில் எங்கே பிளக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு ரசிகர்கள் கேட்டது ஒன்றே: கோச்சை மாத்துங்க. மாற்றினார்கள். கான்ஸ்டன்டைன் நெடும்பந்து அடித்து எதிர்த்தாக்குதல் நடத்துபவர். ஸ்டிமாச் பந்தைக் காலில் வைத்து ஆட வேண்டும் என்றார். 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த குரோஷிய அணியில் ஆடியவர். ஐந்தாண்டு இருந்து, தோஹா தோல்வி நடந்த ஆறே நாளில் நீக்கப்பட்டார். பின்னாலிருந்து பந்தைக் கட்டிக்கொண்டு வரச் சொன்ன மார்க்வெஸ், எஃப்.சி. கோவாவையும் கவனித்துக்கொண்டு தேசிய அணியையும் கவனித்தார். நாட்டின் அணியை ஒரு சீசன் முழுக்க இரண்டாம் வேலையாக ஒருவரிடம் ஒப்படைத்ததை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 8 ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரே வெற்றி, அதுவும் மாலத்தீவுக்கு எதிராக. பிறகு ஜமீல். 2017-ல் ஐசால் அணியை ஐ-லீக் சாம்பியனாக்கியவர். அவர் கட்டுக்கோப்பாக நின்று ஆடும் அணியை விரும்புபவர். நான்கு பேர், நான்கு பாணி. தோற்ற விதம் மட்டும் மாறவில்லை.

காரணம், என் பார்வையில், கோல் விழும் இடத்தில் இல்லை. அதற்கு எதிர்முனையில் இருக்கிறது. இந்தக் கடைசி நிமிட ஆட்டங்களை மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். முன்னிலை பெற்றதும், சில சமயம் சமநிலையிலும், நம் அணி மெல்லப் பின்வாங்கும். எல்லா அணியும் செய்வதுதான். அழுத்தம் வரும்போது டிஃபெண்டர்கள் ஜிங்கனோ அன்வர் அலியோ பந்தை முன்னே தூக்கி அடிப்பார்கள். அங்கே ஒருவர் அதை நெஞ்சில் வாங்கி, டிஃபெண்டரை முதுகால் தடுத்து, நான்கு விநாடி வைத்துக்கொண்டால் போதும். மற்றவர்கள் மூச்சுவிட்டுக்கொண்டு பத்து கெஜம் முன்னேறலாம், ஒரு ஃபவுலாவது கிடைக்கும். நமக்கு அந்த ஆள் இல்லை. அடித்த பந்து உடனே திரும்பி வருகிறது, மறுபடி அடிக்கிறார்கள், மறுபடி வருகிறது. இருபது நிமிடம் இப்படியே போனால் கால் தளராத டிஃபெண்டர் உலகத்திலேயே கிடையாது. தளர்ந்த காலிலிருந்துதான் 88-வது நிமிடப் பெனால்டியும் 94-வது நிமிடப் பெனால்டியும் வருகின்றன.

சரி, அந்த ஆள் ஏன் இல்லை? இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) 2014-ல் தொடங்கியது. 2024-25 வரை 11 சீசன். அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட் ஒருமுறைகூட ஓர் இந்தியருக்குப் போகவில்லை. எலானோவில் தொடங்கி அலாதீன் அஜாரே வரை எல்லோரும் வெளிநாட்டவர். கிளப்புகளைக் குறை சொல்லவும் முடியாது. கோலுக்குத்தான் காசு, உத்தரவாதமாகக் கோல் அடிக்கும் ஆளைத்தான் நடுவில் நிறுத்துவார்கள். விளைவைப் பாருங்கள். மன்வீர் சிங் மோகன் பகானில் வலது ஓரத்தில் ஓடுகிறவர். நடுவில் ஜேமி மெக்லாரனும் கம்மிங்ஸும் நிற்பார்கள். நீல நிற ஜெர்சி போட்டதும் அதே மன்வீரை நடுவில் நிறுத்தி கோல் அடி என்கிறோம். சென்னையின் எஃப்.சி. ரசிகர்களுக்கு நன்றாகத் தெரிந்த ரஹீம் அலி, அதே ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரில் நடந்த ஆட்டத்தின் 90-வது நிமிடத்தில் சமன் செய்து அணியைக் காப்பாற்றினார். அவர் ஒரு சீசனாவது முதன்மை ஸ்ட்ரைக்கராக இடைவிடாமல் ஆடியிருந்தால் இன்று எப்படி இருப்பார் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

2024-25 ஐ.எஸ்.எல்.லில் அதிக கோல் அடித்த இந்தியர் யார்? 14 கோலுடன் சேத்ரி. வயது 40. முந்தைய ஜூனில் சால்ட் லேக் மைதானத்தில் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கண்ணீரோடு வழியனுப்பிய மனிதரை, 2025 மார்ச்சில் மறுபடி அழைத்துவந்தார்கள். அவரும் வந்தார், மாலத்தீவுக்கு எதிராக 95-வது கோலும் அடித்தார். அவர் மேல் எனக்குள்ள மரியாதை கூடியது. அவரை அழைக்க வேண்டிய நிலையை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

நல்ல நாளே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். 2023-ல் இன்டர்கான்டினென்டல் கோப்பை, பெங்களூருவில் குவைத்தைப் பெனால்டியில் வென்று சாஃப் கோப்பை, தரவரிசையில் 99-வது இடம். அந்த நவம்பரில் குவைத் மண்ணிலேயே மன்வீர் அடித்த கோலில் 1-0 வெற்றி. பிறகு 2024 முழுவதும் 11 ஆட்டம், ஒரு வெற்றிகூட இல்லை. ஜமீல் வந்ததும் 2025 செப்டம்பரில் ஓமனைப் பெனால்டியில் சாய்த்தபோது, குவாஹாட்டிக் கணக்கில் கொஞ்சம் தீர்ந்தது என்று பலர் மகிழ்ந்தோம். இரண்டே மாதம். நவம்பர் 18, டாக்கா. பன்னிரண்டு நிமிடத்துக்குள் மொர்சாலின் அடித்த ஒரு கோல். மிச்சமிருந்த ஏறக்குறைய எண்பது நிமிடத்தில் நம்மால் ஒன்றைத் திருப்பித் தர முடியவில்லை. வங்கதேசத்திடம் 22 ஆண்டுக்குப் பிறகு தோல்வி. தரவரிசையில் 142. அந்தத் தகுதிச் சுற்றின் முதல் ஐந்து ஆட்டத்தில் நாம் அடித்தது மொத்தமே இரண்டு கோல்.

டாக்காவுக்குப் போன வீரர்களுக்கு அந்த சீசனின் ஐ.எஸ்.எல். தொடங்கவே இல்லை. லீக் ஒப்பந்தச் சிக்கலில் கிளப்புகள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன. போட்டி ஆடாத காலோடு போன அணியின் தோல்விக்குப் பயிற்சியாளர் ஒருவர்தான் பொறுப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

ரசிகர்களின் கோபம் நியாயமானது. பஸ்ஸிலும் ரயிலிலும் குவாஹாட்டிக்கும் ஷில்லாங்குக்கும் கோவாவுக்கும் போய்த் தொண்டை வற்றக் கத்தியவர்களுக்குக் கோபப்பட எல்லா உரிமையும் உண்டு. அந்தக் கோபத்தைக் கொஞ்சம் கிளப்புகள் பக்கமும் கூட்டமைப்பு பக்கமும் திருப்புங்கள். அடுத்த பயிற்சியாளர் யார் என்று கேட்பதற்கு முன், உங்கள் ஊர் அணியின் நடு ஸ்ட்ரைக்கர் யார் என்று கேளுங்கள். கூட்டமைப்பு லீக் தேதியை முன்கூட்டியே அறிவித்து அதை மாற்றாமல் நடத்தட்டும். கிளப்புகள் ஒரு சீசனாவது, தோற்றாலும் பரவாயில்லை என்று, ஓர் இந்தியப் பையனை 9-ம் எண் ஜெர்சியோடு தொண்ணூறு நிமிடமும் நடுவிலேயே ஆட விடட்டும்.