எல்லையில் தோண்டிய குழி

பொதுவழியில் ஒருவர் குழி தோண்டுகிறார். இரவில் வந்த வழிப்போக்கர் அதில் விழுந்து இறக்கிறார். தோண்டியவர் அப்போது அங்கில்லை. கொல்லும் எண்ணமும் அவருக்கில்லை. ஆயினும் உயிரீட்டுப் பொறுப்பு அவர் தரப்பையே சாரும் என்பது ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பு. ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானீ தம் 'ஹிதாயா'வில் இவ்வகைப் பொறுப்புகளுக்கெனத் தனிப் பகுதியே வகுத்துள்ளார். கண்ணிவெடி குறித்த சர்வதேச விதிகளை வாசிக்கையில் நமக்கு இந்தக் குழியே நினைவுக்கு வருகிறது.

விதிகள் இருவகை. மரபுவழி ஆயுதங்கள் பற்றிய உடன்படிக்கையின் இரண்டாம் நெறிமுறை, 1996இல் திருத்தப்பட்டது. அது கண்ணிவெடியை முற்றாகத் தடுக்கவில்லை. வேலி, எச்சரிக்கைக் குறி, காவல், இடப்பதிவு ஆகியவற்றால் ஒழுங்குபடுத்த முனைகிறது. 1997ஆம் ஆண்டின் ஒட்டாவா உடன்படிக்கையோ ஆள்கொல்லிக் கண்ணிவெடி எந்நிலையிலும் கூடாது என்கிறது. கையிருப்பை 4 ஆண்டுகளில் அழிக்கவும், புதைத்தவற்றை 10 ஆண்டுகளில் அகற்றவும் பணிக்கிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் முன்னதை ஏற்றன, பின்னதை ஏற்கவில்லை.

முன்னதன் குறையை 2001 டிசம்பர் காட்டியது. இந்திய நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் இரு நாடுகளும் எல்லை நெடுகக் கண்ணிவெடிகளைப் புதைத்தன. பஞ்சாபிலும் ராஜஸ்தானிலும் உழவர்களின் விளைநிலங்களே வெடிக்களமாயின. போர் மூளவில்லை. எனினும் உழவர்களும் கால்நடைகளும் வெடியில் சிக்கினர். அகற்றச் சென்ற படைவீரர்களும் தப்பவில்லை. சண்டை ஓய்ந்ததும் தாமதமின்றி அகற்றுக என்கிறது நெறிமுறை. பகை ஓயாத எல்லையில் அந்த நேரம் வந்துவிட்டதென முடிவு செய்பவர் யார்? புதைத்தவரே.

ஒட்டாவா உடன்படிக்கையும் குறையற்றதன்று. ஆறு மாத முன்னறிவிப்புடன் அதிலிருந்து விலகலாம். போரில் ஈடுபட்டிருக்கும் நாட்டுக்கு மட்டும் அவ்விலகல் போர் முடியும்வரை செல்லாது. ரஷ்ய அச்சத்தைக் காரணம் காட்டி எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா, ஃபின்லாந்து, போலந்து ஆகியவை 2025இல் விலகல் அறிவிப்புக் கொடுத்தன. 'எந்நிலையிலும்' என்ற சொல் அச்சம் நெருங்கும்வரைதான் நிலைத்தது.

அரசின் அனுமதியுடன் தோண்டினால் பொறுப்பில்லை என்றும் ஹனஃபி ஃபுகஹாக்கள் கூறியுள்ளனரே எனச் சிலர் வினவலாம். வினா நேர்மையானதே. ஆனால் ஆட்சியாளரின் செயல் மக்கள் நலனோடு பிணைக்கப்பட்டது என்னும் விதி அந்த அனுமதியையும் கட்டுப்படுத்துகிறது. போர் அச்சம் நீங்கியபின் நலன் மறைந்து, தீங்கு மட்டுமே மண்ணில் எஞ்சுகிறது. தீங்கு அகற்றப்பட வேண்டும் என்பதும் நமது சட்ட மூலவிதிகளுள் ஒன்றன்றோ?

பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். பாகிஸ்தான், ஈரான், எகிப்து, சவூதி அரேபியா ஆகிய நாடுகள் ஒட்டாவா உடன்படிக்கையில் இன்றுவரை இணையவில்லை. பிறர் விதிகளின் ஓட்டைகளை எண்ணும் நாம், நம் ஃபிக்ஹு சுமத்தும் பொறுப்பை இவ்வரசுகளிடமும் கேட்டாக வேண்டும். முள்ளை அகற்றும் சிறப்பை மிம்பரில் எடுத்துரைப்போருக்கு இக்கேள்வி கடமையாகிறது.